மறைவுத் தோட்டத்தில் ஒருநாள் காவல்

எங்கள் அத்தையின் கொள்கைப்படி செடிகள் மூன்று வகை. காசு கொடுத்து வாங்கிய செடி ஒரு மாதத்தில் கருகிவிடும். யாராவது மனமுவந்து கொடுத்த செடி கருகாது, வளரவும் செய்யாது. வைத்த இடத்தில் நின்றுகொண்டு நம்மை முறைக்கும். மூன்றாவது வகை, திருடிய செடி. அது மட்டும்தான் செடி.

அத்தை அப்பாவின் அக்கா. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுக்கு அடுத்த வீடு. அவள் வாசலில் பந்தல் போட்டு நிற்கும் நித்தியமல்லி போலீஸ் குடியிருப்பிலிருந்து வந்தது. அடுக்குச் செம்பருத்தி ஏதோ ஒரு வங்கியின் முகப்பில் இருந்தது. மணி பிளாண்ட், பல் பிடுங்கப் போன டாக்டரின் வரவேற்பறையிலிருந்து வந்தது. வாயில் பஞ்சு இருந்ததால் கேட்டு வாங்க முடியவில்லை என்று அதற்கு மட்டும் ஒரு காரணம் சொல்வாள். மற்றவற்றுக்குக் காரணமே சொல்ல மாட்டாள்.

நான் தாவரவியலில் முதுகலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வழியாக வெளியே வந்த முதல் ஆள் நான்தான். எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாம் நுழைந்த வாசல் வழியாகவே திரும்பிவிட்டார்கள். அதனால் எம்.எஸ்சி. என்பதை நான் கொஞ்சம் அடிக்கடி சொல்வேன். சில்லறை கேட்ட பஸ் கண்டக்டரிடம்கூட ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

"அத்தே, வெட்டுன குச்சிக்கு அது திருடுனதா குடுத்ததான்னு தெரியாது. வேர் விடுறது அதோட சுபாவம்" என்று பலமுறை விளக்கியிருக்கிறேன்.

"ஒனக்குத் தெரியாதுன்னு சொல்லுட்டி. குச்சிக்குத் தெரியும்" என்பாள் அத்தை.

இந்த அத்தையை அழைத்துக்கொண்டுதான் நான் மறைவுத் தோட்டத்துக்கு வேலை கேட்கப் போனேன்.

ராஜபாளையத்துக்கு மேற்கே மலை மடிந்து கிடக்கும் ஓர் இடத்தில் இருக்கிறது அந்தத் தோட்டம். மூன்று பக்கமும் மலை மறைப்பதால் அந்தப் பெயர். ஆடி மாதம் ஊரில் காற்று தென்னைகளைப் பிடித்து உலுக்கும்போதும் அங்கே ஒரு முந்தானை அசையாது. வெயிலும் பாதி நாள்தான் எட்டிப் பார்க்கும். அதனால் நம் ஊர்ச் சமவெளியில் பிழைக்காத செடிகளெல்லாம் அங்கே சொந்த ஊர்போல இருக்கும். மர உயரத்துக்குப் பெரணி, லிச்சி, வெண்ணெய்ப்பழம், பாறையெல்லாம் ஆர்க்கிட். தெலுங்கு பேசும் குடும்பத்து அம்மா ஒருவருடைய சொந்தத் தோட்டம். அவர் அதை ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோருக்கும் திறந்துவிடுவார். மற்ற நாட்களில் செடிகளைப் பார்த்துக்கொள்ளவும், ஞாயிறு வருகிறவர்களுக்கு அவற்றைப் பற்றிச் சொல்லவும், வருகிறவர்களிடமிருந்து செடிகளைக் காப்பாற்றவும் படித்த பெண் ஒருத்தி வேண்டும் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்திருந்தேன்.

இந்த வேலை கிடைக்காவிட்டால் எனக்கு இன்னொன்று காத்திருந்தது. அம்மா வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியில் சூப்பர்வைசர். அதாவது, அம்மாவுக்கே நான் சூப்பர்வைசர்.

"ஏட்டி, சோறும் நான் போட்டுட்டு, லீவும் ஒங்கிட்டயே கேக்கணுமா?" என்றாள் அம்மா. அன்றிலிருந்து மறைவுத் தோட்டத்து வேலைக்காக என்னைவிட அதிகமாக அவள்தான் வேண்டிக்கொண்டாள்.

தோட்டத்து அம்மா போனில் கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை வாம்மா. வீட்டு ஆளுகளையும் கூட்டிட்டு வா. பொம்பளப்பிள்ள மலையடிவாரத்துக்கு வேலைக்கு வருதுன்னா பெத்தவுக ஒரு தடவ இடத்தப் பாக்கட்டும்."

சனிக்கிழமையே அத்தையை மொட்டைமாடிக்கு அழைத்துப் போய்க் கோயில் கோபுரத்தைப் பார்த்துச் சத்தியம் வாங்கினேன். "என் கையால ஒரு குச்சிய ஒடிக்க மாட்டேன்" என்றாள், கன்னத்தில் போட்டுக்கொண்டு. அந்தச் சத்தியத்தில் இருந்த ஓட்டை, எம்.எஸ்சி. படித்த என் கண்ணில் படவில்லை.

ஞாயிறு காலை நாங்கள் நான்கு பேரும் புறப்பட்டோம். அம்மா என் பின்னலில் மல்லிகைச் சரம் வைத்துவிட்டாள். அத்தை ஒரு டப்பா பால்கோவா எடுத்துக்கொண்டாள், தோட்டத்து அம்மாவுக்கு. அம்மாவின் பையில் வழக்கம்போல ஒரு சுருள் பேண்டேஜ் துணி. எங்கள் வீட்டில் அது காயத்துக்கு மட்டும் அல்ல. இட்லித் தட்டில் அதுதான், மோர் வடிகட்ட அதுதான், கொடி கட்டவும் அதுதான். கம்பெனியில் கழித்துவிட்ட சுருள்கள் வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். மற்றவர்கள் கைக்குட்டை வைத்துக்கொள்வதுபோல அம்மா பேண்டேஜ் வைத்துக்கொள்வாள்.

அப்பாவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவர் ஸ்பின்னிங் மில்லில் மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகியவர். அவருடைய ரகசியம் என்பது எங்கள் தெரு முழுவதும் கேட்கும். பஸ் ராஜபாளையம் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது அவர் என் காதருகே குனிந்து, "பயப்படாதத்தா, ஒன்ன விட்டா அவுகளுக்கு ஆள் கிடைக்காது" என்று மெதுவாகச் சொன்னார். முன்படிக்கட்டில் நின்றவர்கள் எனக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு இறங்கினார்கள்.

அங்கிருந்து ஷேர் ஆட்டோ. தோட்டத்துக்குள் கால் வைத்ததும் முதுகில் ஒட்டியிருந்த வியர்வை குளிர்ந்தது.

"ஏலே, இங்க என்ன ஏசி போட்ருக்காகளா?" என்று அத்தை அப்பாவிடம் கேட்டாள்.

"போட்ருந்தா சத்தம் கேக்கும்ல" என்றார் அப்பா. மூன்று பக்கத்து மலையும் அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னது: கேக்கும்ல, கேக்கும்ல.

தோட்டத்து அம்மா காட்டன் சேலையும் ரப்பர் செருப்புமாக வந்தார். பின்னால் ஒரு வெள்ளை ராஜபாளையம் நாய், மூக்கு மட்டும் ரோஜா நிறம். அவர் எங்களிடம் தமிழிலும் நாயிடம் தெலுங்கிலும் பேசினார். "கூர்ச்சோ" என்றதும் அது உட்கார்ந்தது. அப்பா தமிழில் "உக்காரு" என்று சொல்லிப் பார்த்தார். அது எழுந்து நின்றுகொண்டது.

"நீ ஒங்க வீட்டு ஆளுகளுக்குச் சுத்திக் காட்டிட்டு வாம்மா. பொறவு பேசுவோம்" என்று அவர் போனார்.

நான் சுற்றிக் காட்டினேன் என்பதைவிட வகுப்பு எடுத்தேன் என்பதே சரி. ஓடை ஓரத்து நிழலில் பிகோனியாச் செடிகள் வரிசையாக நின்றன. அகல இலை, மேலே வெள்ளிப் புள்ளிகள், திருப்பினால் அடிப்பக்கம் வெற்றிலை போட்ட வாய்போலச் சிவப்பு. அத்தை அதன் முன்னால் நின்றவள் நின்றவள்தான்.

"எலைக்கு யாரோ மார்கழிக் கோலம் போட்ருக்காகட்டி" என்றாள்.

"தொடக் கூடாது அத்தே."

"தொட்டனா? பாக்கத்தான செய்யுதேன்."

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் கடந்து போன வழக்கம் எனக்குக் கிடையாது. "இந்தச் செடில ஒரு விசேஷம் இருக்கு. இதுக்குக் குச்சிகூட வேண்டாம். ஒரே ஒரு இலை போதும். நரம்பை லேசாக் கீறி ஈர மணல்ல படுக்க வச்சா, அதுலருந்தே குட்டிக் குட்டியாச் செடி வந்துரும்" என்றேன்.

"எலைலருந்து செடி வருமா? படிச்சவ பேசுத பேச்சா இது?" என்றாள் அத்தை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் இருப்பது நல்லதல்ல என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

பலாமரத்தடியில் நேர்காணல் நடந்தது. செடிகளின் பெயர் கேட்டார், சொன்னேன். குடும்பம் கேட்டார், அதையும் சொன்னேன். எம்.எஸ்சி. என்பதை அவர் கேட்காமலே சொன்னேன். கடைசியாகக் கேட்டார்: "வார ஆளுக எல்லாம் குச்சி ஒடிச்சிட்டுப் போயிருதாகம்மா. நீ என்ன செய்வ?"

இந்தக் கேள்விக்கு நான் கண்ணாடி முன்னால் நின்று பதில் தயாரித்திருந்தேன். "வெளிய போற ஒவ்வொரு ஆளையும் கேட்ல நிறுத்திச் சோதிப்பேன் மேடம். பெரியவுக, தெரிஞ்சவுக, சொந்தக்காரவுக, யாரா இருந்தாலும் சரி. ஒரு இலைகூட இந்தக் கேட்டைத் தாண்டாது."

அவர் கேட்டைத் திரும்பிப் பார்த்தார். "நல்லது. இன்னைக்கு வாட்ச்மேன் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருக்கான். சாயங்காலம் வரைக்கும் நீயே கேட்ல நில்லு. அதப் பாத்துட்டு வேலையப் பத்திச் சொல்லுதேன்."

நான் கேட்டுக்குப் போனபோது என் வீட்டு ஆட்கள் மூவரும் உள்ளே இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அத்தையின் சத்தியத்தை நம்பினேன்.

மத்தியானம் அத்தையே புளிச்சோறு கொண்டுவந்து கொடுத்தாள். நான் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "பூவு தொங்குதுட்டி, திரும்பு" என்று பின்னலைப் பிடித்து ஏதோ சரிசெய்தாள். மேடம் பார்க்கும்போது நன்றாக இருக்க வேண்டுமே என்று நானும் நல்ல பிள்ளையாகத் தலையைக் குனிந்து காட்டினேன்.

வெயில் தாழ்ந்ததும் கூட்டம் வெளியேறத் தொடங்கியது. தோட்டத்து அம்மா நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நாய் அவர் காலடியில்.

முதலில் வந்த ஆளின் ஹெல்மெட் அவர் தலையில் இல்லாமல் கக்கத்தில் இருந்தது. எட்டிப் பார்த்தேன். உள்ளே முழுப் பெரணி, வேரோடு.

"அது தானா விழுந்துச்சும்மா" என்றார்.

"ஹெல்மெட்டுக்குள்ளயா சார்?"

அடுத்து ஒருவர். மழை இல்லாத நாளில் குடை. விரித்தேன், ஆர்க்கிட் மூன்று விழுந்தன. ஒரு குடும்பத்தின் டிபன் கேரியரில் மேலடுக்கில் தயிர்சோறு, கீழடுக்கில் மண்ணும் கிழங்கும். ஒவ்வொருவருக்கும் நின்று அறிவுரை சொன்னேன். "படிச்ச ஆளாத் தெரியுதீக, இப்படிச் செய்யலாமா? ஒரு செடியோட வீடு அதோட மண்ணுதான்" என்றெல்லாம் பேசினேன். என் பக்கத்தில் குச்சிகளும் கிழங்குகளும் குவிந்தன. தோட்டத்து அம்மா முகத்தில் சிரிப்புத் தெரிந்தது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கைப்பையில் ரோஜாக் குச்சி வைத்திருந்த ஒரு பெண் மட்டும் என்னை முறைத்துவிட்டு, "ஒங்க தலையில..." என்று ஆரம்பித்தாள்.

"என் தலையில இருக்கது இருக்கட்டும். ஒங்க பையில இருக்கத எடுங்க" என்றேன்.

அதற்குப் பிறகு வந்தார்கள் என் வீட்டு ஆட்கள்.

நடுவில் அத்தை. அவளுடைய இடது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெள்ளை வெளேரென்று கட்டுப் போட்டு, கழுத்திலிருந்து தொட்டில் கட்டித் தொங்கியது. வலது கையில் பால்கோவா டப்பா. அதைக் கொடுக்க மறந்து அவளே பாதி தின்றிருந்தாள். ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் அப்பா, இருவரும் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள், கைதான் அடிபட்டது என்பதை மறந்து.

"ஐயய்யோ, கைக்கு என்னாச்சு?" என்று தோட்டத்து அம்மா எழுந்தே விட்டார்.

"வழுக்கிட்டுங்க" என்றாள் அத்தை.

"தேனீ கொட்டிட்டு" என்றாள் அம்மா, அதே நேரத்தில்.

"சுளுக்கு" என்றார் அப்பா.

"மூணுமா?"

அத்தை அசரவில்லை. "தேனீ கொட்டுச்சு, பயத்துல வழுக்குனேன், சுளுக்கிக்கிட்டு."

அந்தக் கட்டுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அத்தைக்கும் தெரியும். வேலையும் போகும், மானமும் போகும், நாளை முதல் அம்மாவுக்கு லீவு கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

தோட்டத்து அம்மா கட்டைக் குனிந்து பார்த்தார். "ஆனா கட்டு ரொம்ப நேர்த்தியா இருக்கே."

அம்மாவுக்கு அது போதும். இத்தனை வருடம் பேண்டேஜ் சுருட்டியவளை யாரும் அதுவரை பாராட்டியதில்லை. "நாந்தாம்மா போட்டேன். நம்ம கம்பெனிச் சரக்கு. ஓரம் பிரியாது, நூல் தொங்காது. தண்ணியில முக்கிக் கட்டுனா எம்புட்டு நேரம் ஆனாலும் ஈரம் அப்படியே நிக்கும்."

"காயத்துக்கு எதுக்கும்மா ஈரம்?"

அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை மலையைப் பார்த்தாள். நான் குவியலைப் பார்த்தேன்.

அந்த நேரத்தில் நாய் எழுந்து வந்தது. பால்கோவா தின்ற விரல்களை அத்தை அந்தக் கட்டிலேயே துடைத்திருக்கிறாள். நாய் மோந்து பார்த்தது, நக்கியது, பிறகு துணியின் நுனியைப் பல்லில் பிடித்துக்கொண்டு புறப்பட்டது. அம்மா சொன்னது உண்மை. ஓரம் பிரியவே இல்லை. சுருள் மட்டும் பிரிந்தது. நாய் ஓடஓடத் துணி வந்துகொண்டே இருந்தது. அத்தை நின்ற இடத்தில் பம்பரம்போல ஒரு சுற்றுச் சுற்றினாள். நாய் லிச்சி மரத்தைச் சுற்றி, பலாமரத்தைச் சுற்றி, தோட்டத்துக்கே திருவிழாத் தோரணம் கட்டிவிட்டது. "கூர்ச்சோ" என்றார் தோட்டத்து அம்மா. அது தோரணத்தோடு உட்கார்ந்தது.

அத்தையின் கையில் கணுக் கணுவாக ஒரு பிகோனியாக் குச்சி நின்றது.

அப்பா அக்காவின் காதருகே குனிந்தார். ரகசியமாகத்தான் சொன்னார். "அக்கா, குச்சி வெளிய தெரியுது."

தெரியுது, தெரியுது என்றது மலை.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் கையை நீட்டினேன். "குச்சியக் குடுங்கத்தே."

"நான் சத்தியத்த மீறலட்டி. ஒடிச்சது ஒங்க அம்மா."

"நான் சத்தியமே பண்ணலையே" என்றாள் அம்மா.

தோட்டத்து அம்மா அத்தையிடம், "ஒரு குச்சிதான? எங்கிட்டக் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே" என்றார்.

"குடுத்தா வராதும்மா" என்றாள் அத்தை. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஒரு சின்னப் பிள்ளைக்கு விவரம் சொல்வதுபோலச் சொன்னாள். "திருடுனாத்தான் வரும்."

தோட்டத்து அம்மா யோசித்தார். "நானும் எம்புட்டோ பேருக்குக் குடுத்திருக்கேன். ஒருத்தரும் வந்துச்சுன்னு சொன்னதில்ல" என்றார். பிறகு மேற்கே திரும்பி, முதுகைக் காட்டி நின்றார். "நான் மலையப் பாக்கேன்."

அத்தையின் முகம் மலர்ந்தது. ஆனால் நான் திரும்பவில்லை.

"நீயும் செத்த நேரம் திரும்புட்டி. பாத்தா அது திருட்டு இல்ல" என்றாள் அத்தை.

"நான் கேட்ல நிக்கேன். திரும்ப மாட்டேன்."

"கண்ணையாவது மூடு."

"மாட்டேன்."

அத்தை என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பெரணிகளெல்லாம் வாடியிருக்க வேண்டும். "இவ கண்ணு பட்டுட்டு. இனி அது வராது" என்று குச்சியைக் குவியலில் போட்டாள். "நல்ல சூப்பர்வைசர கம்பெனி இழந்துட்டு" என்று அம்மா முணுமுணுத்தாள்.

தோட்டத்து அம்மா மலையைப் பார்த்தபடியே சொன்னார். "நாளைக்குக் காலைல வேலைக்கு வந்துரும்மா."

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வேலை கிடைத்த பெருமையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். குச்சியைப் பறிகொடுத்த அத்தை எனக்குப் பின்னால் உட்கார்ந்து ஏதோ பாட்டை முனகிக்கொண்டு வந்தாள். அதுதான் எனக்கு உறுத்தியது.

"ஏட்டி, திரும்பாம ஒக்காரு" என்றாள். பின்னலில் கை வைத்து, மல்லிகைச் சரத்துக்கு அடியிலிருந்து எதையோ மெல்ல உருவினாள். திரும்பிப் பார்த்தேன். வெள்ளிப் புள்ளி போட்ட இலை, ஒரு கீறல் இல்லாமல், பூவின் ஈரத்தில் பளபளவென்று.

இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று பின்னலைத் தடவிப் பார்த்தேன்.

"நீதான எலை போதும்ன? ஒங்க அம்மா நம்புனா. எனக்கு நம்பிக்கை இல்ல, அதான் குச்சியும் எடுத்தேன்" என்றாள் அத்தை.

"அவளுக்குத் தெரியாமத்தான் வச்சோம்" என்று அப்பா அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னார். கண்டக்டர் உட்பட அனைவரும் என் தலையைப் பார்த்தார்கள்.

அந்த இலை ஈர மணலில் படுத்து, மழைக்காலம் முடிவதற்குள் நான்கு குட்டி போட்டது. நரம்பைக் கீறியதால் வந்தது என்கிறேன் நான். காவல்காரியின் தலையிலேயே திருடியதால் வந்தது என்கிறாள் அத்தை. அவள் தரப்பில் நான்கு சாட்சிகள் தொட்டியில் நிற்பதால் என்னால் பெரிதாக வாதாட முடியவில்லை.

வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள் கழித்து தோட்டத்து அம்மா கேட்டார்: "ஒங்க வீட்டுல அந்த எலை முளைச்சிட்டா?"

"எந்த இலை மேடம்?"

"ஒன் தலையில இருந்தது. நீ சாப்பிட்டுட்டு வந்து நின்னப்பவே பாத்தேன். சாயங்காலம் பூராவும் அத வச்சுக்கிட்டு எல்லாருக்கும் புத்தி சொல்லிட்டு இருந்த."

"பொறவு ஏன் மேடம் எனக்கு வேலை குடுத்தீங்க?"

"ஒங்க அத்தைட்ட குச்சியப் பிடுங்குனல்ல, அதுக்கு." அவர் நாயின் காதைத் தடவினார். "ஞாயித்துக்கிழமை கேட்டுக்கு வாட்ச்மேன் சரிப்பட மாட்டான். ஒங்க அத்தை வருவாகளான்னு கேளு."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டில் நிற்பது அத்தைதான். ஹெல்மெட், குடை, கேரியர் எல்லாம் அவளுக்கு விளையாட்டு. கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்க்கிறாள். கைக்கட்டோடு யாராவது வந்தால் முதலில் ஈரமா என்று தொட்டுப் பார்க்கிறாள். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். எப்போதாவது யாராவது ஒரு பெண், ஒரு செடியின் முன்னால் நின்றவள் நின்றவளாகவே நின்றுவிட்டு, மடியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வருவாள். அப்போது மட்டும் அத்தை மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "அத்தே" என்று நான் உள்ளேயிருந்து கூப்பிட்டால், "செத்த நேரம் இருட்டி" என்கிறாள், திரும்பாமல்.